ஞாயிற்றுக்கிழமை அரிசி

மூங்கில் பூத்த வருடம் எங்கள் மலையூரான கெல்த்லாங்கில் எல்லா வீட்டிலும் ஒரு வேளைச் சோறு குறைந்தது. பிடியரிசி மட்டும் நிற்கவில்லை. உலைக்கு அரிசி அளக்கும் பெண், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்புக்கு மேலே தொங்கும் தகர டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் கழுவுவாள். காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. அது சபைக்கு. கோயிலின் கூரை அந்தப் பிடியில்தான் வந்தது. மலைகளுக்கு அப்பால் ஊழியத்துக்குப் போனவர்களின் சாப்பாடும் அதில்தான் நடந்தது. புருஷனோடு சண்டை போட்ட கையானாலும் காய்ச்சலில் நடுங்குகிற கையானாலும், அரிசியில் நுழைந்தால் முதல் பிடி டப்பாவுக்குப் போய்விடும். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. கை தானாகச் செய்வது.

சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போய் அந்த டப்பாக்களைக் கவிழ்த்து வாங்கி வருவது மேலத்தெருவில் ஸுவாலியின் வேலை. அவள் புருஷன் லால்வுங்கா, ஊர் வாயில் வுங்கா, சபையில் மூப்பராகி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஐந்து மூப்பர்களில் அவன்தான் இளையவன். மூப்பர் பெண்டாட்டி என்பது அவள் வாயில் வராது, நடையில் கொஞ்சம் வரும். நல்லவள்தான். நல்லவளாக இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அவ்வளவே.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்போல இருந்தது. விடியலில் இருந்து புருஷனும் அவளுமாகப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் நெல் அறுத்தார்கள். கீழ்ப்பாத்திகளில் நன்றாக முற்றியிருந்தது, மேலே இன்னும் ஒரு நாள் வெயில் பட்டால் சரி. இருவரும் ஆளுக்கொரு கூடை நெல்லை முதுகில் ஏற்றி, நெற்றிப்பட்டையில் கழுத்து இறங்க, இரண்டரை மணி நேரம் மலை ஏறி ஊருக்கு வந்தார்கள். மிச்சம் அத்தனையும் வயலில் நின்றது. திங்கட்கிழமை அவர்களுடைய முறை. உனக்கு நான் எனக்கு நீ என்கிற மாற்றாள் கணக்கில் இருபது பேர் இறங்குவார்கள், ஒரே நாளில் அறுத்து அடித்துத் தூக்கிவிடலாம். ஒரு வருடச் சோறு அது.

எலி மட்டும் வராமல் இருக்க வேண்டும். மூங்கில் விதையைத் தின்று பெருகிய எலிகள், விதை தீர்ந்ததும் வயலுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. இன்று இந்தச் சரிவு, நாளை அந்தச் சரிவு. ஓர் இரவில் ஒரு வயல். வால் ஒன்றுக்கு இத்தனை என்று அரசாங்கம் காசு கொடுத்தது. ஆட்கள் வாலைக் கட்டுக் கட்டாகக் கட்டி எடுத்துப் போனார்கள். எலி குறைந்தபாடில்லை.

அன்று அறுத்துக்கொண்டிருக்கும்போது கீழ் ஓரத்தில் நாலைந்து தாள் சாய்வாகக் கடிபட்டுக் கிடந்ததை ஸுவாலி பார்த்தாள். புருஷனிடம் காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு ரெண்டு எப்பவும் வரும்" என்றான். அதற்கப்புறம் அரிவாளை வேகமாக ஓட்டினான்.

பிடியரிசிக் கூடையோடு அவள் கடைசியாகப் போய் நின்றது பியாக்கி வீட்டு வாசலில். பியாக்கிக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். இரண்டு பெண் பிள்ளைகள். பாட்டென்றால் அவள்தான். அவள் குரல் எடுத்துக் கொடுக்காமல் எந்தச் சாவு வீட்டிலும் பாட்டு எழும்பாது. மூன்று வாரத்துக்கு முன்னால், பக்கத்து வயலில் எலி இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் விடியலில் இருந்து இருட்டும் வரை அறுத்துத் தூக்கி வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் விட்டு வந்த பாதி வயலில் ஒரு மணி நெல் இல்லை. மூப்பர் கூட்டம் கூடியது. ஆறு மாதத்துக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது, முன்னால் நின்று பாடவோ ஜெபிக்கவோ கூடாது என்று தீர்மானம். ஐந்து கைகள் உயர்ந்தன. ஐந்தாவது கை வுங்காவுடையது.

"வா மூப்பரம்மா" என்றாள் பியாக்கி. "நாள் பூரா அறுத்துட்டு இப்ப பிச்சைக்கு வேற கிளம்பிட்டியா? ஒரு வாய் டீ குடி."

"வேணாங்க்கா. இருட்டப் போகுது."

"சக்கரை இல்லாத டீதான். குடிச்சாலும் ஒண்ணு, குடிக்காட்டாலும் ஒண்ணு." அவள் டப்பாவைக் கொக்கியிலிருந்து கழற்றி நீட்டினாள். கனமான டப்பா. தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் பிடி சிறுத்துப் போயிருந்தது. சில வீட்டில் மரவள்ளித் துண்டைக்கூடப் போட்டிருந்தார்கள்.

ஸுவாலி கூடையை நீட்டவில்லை.

"என்ன, கை மரத்துப் போச்சா?"

"அக்கா, இது... அன்னைக்கு அறுத்த நெல்லா?"

"வேற எந்த நெல்லு இருக்கு எங்கிட்ட? என் வீட்டுக்காரர் மேல இருந்து அனுப்பறாரா?"

"கோச்சுக்காதீங்க. ஓய்வுநாள்ல அறுத்தது. அதக் கொண்டு போய் எப்படிக் கோயில்ல..."

"மூப்பருங்க சொன்னாங்களா வாங்கக் கூடாதுன்னு?"

"இல்ல."

"பெண்கள் கூட்டத்துல?"

"அங்கயும் பேசல. எனக்குத்தான் மனசு ஒப்பல."

உள்ளே இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"திருவிருந்து இல்லைன்னாங்க. சரின்னு கடைசி பெஞ்சுல போய் உக்காந்தேன். பாடாதன்னாங்க. வாய மூடிக்கிட்டேன். இந்த அரிசி என்னடி பண்ணுச்சு? அதுக்குக் கிழமை தெரியுமா?" டப்பாவைத் திரும்பக் கொக்கியில் மாட்டினாள். "போ. படி வழுக்கும், பாத்துப் போ. அப்புறம் ஒண்ணு. உன் வயலுக்குப் பக்கத்துச் சரிவுல வியாழக்கிழமை எலி இறங்கியிருக்குன்னு பேசிக்கறாங்க. நாள் கிழமை பாத்துக்கிட்டு இருக்காத."

ஸுவாலிக்கு முகம் சுட்டது. கோபமா வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. சரியாகத்தான் செய்தோம் என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். சரியாகச் செய்தவர்கள் அத்தனை தடவை சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

*

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை விறகு பிளக்கிற சத்தம் கேட்காது. தண்ணீர் சனிக்கிழமையே நிரப்பியாக வேண்டும். கோழி முட்டையிட்டால் எடுப்போம், அது மட்டும்தான் வேலை. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று தடவை மணி அடிக்கும். மூன்று தடவையும் ஊர் மொத்தமும் கோயிலில் இருக்கும்.

கோயில் மலையின் உச்சியில். பெரிய கதவு பள்ளத்தாக்கைப் பார்த்து இருக்கிறது. ஜனங்கள் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். மூப்பர்கள் மட்டும் பிரசங்க மேடைக்குக் கீழே ஜனங்களைப் பார்த்து, அதாவது கதவைப் பார்த்து உட்காருவார்கள். அன்று வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. எதிர்ச் சரிவில் தன் வயல் ஒரு மஞ்சள் துண்டாகக் காய்வதை வுங்கா காலையிலிருந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஸுவாலி பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்க முடியாதவளுக்கு அந்த முகம்தான் வயல். கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி, பியாக்கி வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

மத்தளம் முழங்கியது. மழை நின்று வெயில் கொடுத்ததற்கு நன்றி சொல்லிப் பாடினார்கள். ஸுவாலியும் பாடினாள்.

மதிய ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் பொறுக்கவில்லை. பெரியவள் மாவிக்கு ஒன்பது வயது, சின்னவள் தீகிக்கு மூன்று. இரண்டையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மாவிப்பா, போயிடலாம்."

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியும். இப்பக் கிளம்பினா மூணு மணிக்கு அங்க. இருட்டறதுக்குள்ள கீழ்ப்பாத்தி பூரா அறுத்துடலாம். ஆளுக்கு ஒரு கூடை. போதும். இன்னும் ரெண்டு கூடை நெல்லு சேந்தாக்கூட புள்ளைங்க தை மாசம் வரைக்கும் தாட்டிக்கும்."

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். திரும்பவும் போட்டான்.

"நாளைக்கு இருபது பேர் வராங்க, மாவிம்மா. ஒரு ராத்திரிதானே."

"அதுங்களுக்கும் ஒரு ராத்திரி போதும்."

"ஓய்வுநாளு."

"ஓய்வுநாள்லகூட குழியில விழுந்த ஆட்டத் தூக்கிவிடலாம்னு நீங்களே மூணு மாசத்துக்கு முன்னால பிரசங்கத்துல சொன்னீங்க. நம்ம ஆடு குழியில கிடக்குது."

"இன்னும் விழலையே."

"விழுந்த பின்னாடி தூக்கறதுக்கு என்ன இருக்கும்? எலும்பு இருக்கும்!"

அவன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். கெட்டவன் இல்லை வுங்கா. பொய் தெரியாது, குடி தெரியாது. சாவு வீட்டுக்குக் குழி வெட்ட முதல் ஆளாகப் போவான். அவன் பேசியபோது குரல் உள்ளே போயிருந்தது.

"பியாக்கி அக்கா கூட்டத்துல அழுதாங்க. ரெண்டு பொண்ணுங்க, ஆம்பள இல்லாத வீடு, வேற வழி தெரியலன்னு அழுதாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பசிக்கிறவனுக்கு ஒரு சட்டம், வயிறு நெறஞ்சவனுக்கு ஒரு சட்டம்னு கிடையாதுன்னு சொன்னேன். சொல்லிட்டுக் கையத் தூக்கினேன். அதே கையில இன்னைக்கு எப்படி அரிவாளப் பிடிப்பேன்?"

"அப்ப உங்களுக்குப் பயம் கடவுள்கிட்ட இல்ல. பியாக்கிகிட்ட."

அவன் அணைந்து கிடந்த கொள்ளியை அடுப்புக்குள் தள்ளினான்.

"நான் மட்டும் போறேன்" என்றாள்.

"போ. நான் தடுக்கல. போயிட்டு வந்ததும் கூட்டத்துல உனக்கும் நான்தான் கையத் தூக்கணும்."

அவள் அரிவாளை எடுத்தாள். கதவு வரைக்கும் போனாள். தெருவில் எல்லோரும் நல்ல துணி உடுத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நேற்று ஒரு டப்பாவைத் தள்ளிவிட்டு வந்த தன் கையை நினைத்தாள். அரிவாளைத் திரும்பச் செருகி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அவன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். தொடவில்லை.

சாயங்கால ஆராதனையில் மூத்த மூப்பர் ரோகீமா வுங்காவை ஜெபிக்கச் சொன்னார். எழுந்து நின்று ஜெபித்தான். நோயாளிகளுக்காக, வழிப்போக்கர்களுக்காக, சாலை சரிந்து அரிசி லாரி நடுவழியில் நின்றுபோனதற்காக. தன் வயலுக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணை மூடாமல் ஜெபிக்கிற மூப்பரை ஸுவாலி அன்றுதான் முதலில் பார்த்தாள். கதவுக்கு வெளியே மஞ்சள் துண்டு மங்கிக்கொண்டே போய் மலையோடு மலையாக மறைந்தது.

*

திங்கட்கிழமை, முதல் கோழி கூவுவதற்குள் கிளம்பி, மூடுபனி பிரியும்போது இருவரும் வயலின் விளிம்பில் நின்றார்கள். இருபது பேர் பின்னால் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவன் நின்றதும் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

நெல் இல்லை. நின்ற பயிர் முழுவதும் முழங்கால் உயரத்தில் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. கதிர் இருந்த இடமெல்லாம் உமி. தாள்கள் மஞ்சளாகப் படுத்திருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் நிற்கிற பயிரும் விழுந்த தாளும் ஒரே மஞ்சள்தான். மேலும் கீழும் ரோகீமாவின் வயல் உட்பட நான்கு வயல்கள் அதே கோலம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள். எட்டியதை நாங்களே ஒரு நாள் தள்ளி வைத்தோம்.

யாரும் அழவில்லை. ஒரு கிழவன் மட்டும், "நல்லா சாப்பிட்டிருக்கானுங்க" என்றான். வந்தவர்களில் சிலர் உட்கார்ந்து உமியைப் புடைத்துப் பார்த்தார்கள். இருபது பேர் மதியம் வரை பொறுக்கியதில் ஒரு தொப்பி நெல் தேறியது.

ஸுவாலி நடுவயலுக்குப் போய்க் குனிந்து ஒரு தாளை எடுத்தாள். வெட்டுவாயை விரலால் தொட்டாள். ஈரம். பிசுபிசுவென்று பச்சை ஈரம். இன்னொன்றை எடுத்தாள். அதுவும். சனிக்கிழமை இரவு வெட்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடித்த வெயிலில் அந்த முனை காய்ந்து சுருங்கியிருக்கும். நேற்று அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது நெல் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. சாயங்காலம் அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபித்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.

"எப்ப நடந்திருக்கும்?" வுங்கா பின்னால் வந்து நின்றான். உதடு வெளுத்திருந்தது.

அவள் தாளைக் கையில் மடக்கிக் கசக்கினாள்.

"சனிக்கிழமை ராத்திரிதான். நாம கிளம்பின உடனே வந்திருக்கும்."

"அப்ப நேத்து வந்திருந்தாலும்..."

"ஒண்ணும் இருந்திருக்காது."

அவன் தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் அவனிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது.

பொய்க்குக் கால் முளைத்து அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லோருக்கும் அது தேவையாக இருந்தது. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ரோகீமா எழுந்து நின்றார். "ஆண்டவர் சனிக்கிழமை ராத்திரியே எலிய அனுப்பினாரு பாருங்க. நாம ஓய்வுநாள்ல தடுமாறக் கூடாதுன்னுதான் முன்கூட்டியே எடுத்துக்கிட்டாரு" என்றார். ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். ஸுவாலி பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள். வுங்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

சனிக்கிழமை தூக்கி வந்த இரண்டு கூடையில் ஒன்றை, ஒரு மணி நெல்கூடக் கிடைக்காத பக்கத்து வீட்டுக்கு வுங்கா செவ்வாய்க்கிழமை கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். எங்கள் ஊரில் அப்படிக் கொடுக்காவிட்டால் மனிதன் இல்லை. மிச்சம் ஒரு கூடை, அதிலும் முக்கால்வாசி திங்கட்கிழமை வந்த இருபது பேருக்குப் பொங்க வாங்கிய கடனுக்குப் போனது. இருந்த ஈரநெல்லை அடுப்புக்கு மேல் பரணில் காயவைத்துக் குற்றினால் பாதிக்குப் பாதி நொய்யாக உடைந்தது. வியாழக்கிழமை கஞ்சி. வெள்ளிக்கிழமை பூசணித் தழை வேகவைத்த தண்ணீர். வுங்கா தினமும் காட்டுக்குப் போய்க் காட்டுக்கிழங்கு தோண்டினான். ஆள் ஆழம் தோண்டினால் ஒரு கிழங்கு, அதிலும் பாதி வேர். ஊர் மொத்தமும் காட்டில்தான் இருந்தது. சாயங்காலம் வுங்கா வீட்டுக்கு வருவான். பிள்ளைகளின் தட்டைப் பார்ப்பான், எழுந்து வெளியே போவான். ராத்திரி அவன் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும் தூங்கவில்லை.

வீட்டு மூலையில் ஒரு மூட்டை அரிசி இருந்தது. மேலத்தெருவின் பிடியரிசி. மாதக் கடைசியில் கோயில் களஞ்சியத்துக்குப் போக வேண்டியது.

"அம்மா, அதுல அரிசி இருக்கே" என்றாள் மாவி, கஞ்சி குடித்த முதல் நாள்.

"அது நம்மது இல்ல."

"நீ போட்டது இருக்குல்ல? தினமும் போட்டியே, நான் பாத்தேனே."

"போட்டாச்சுன்னா அது நம்மது இல்ல, கண்ணு."

சனிக்கிழமை காலையில் தீகி எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்தாள், திரும்ப மூடிக்கொண்டாள். கிழங்கு வேகவைத்துக் கொடுத்தால் வாயில் வைத்ததும் குமட்டினாள். வுங்கா விடியலிலேயே காட்டுக்குப் போயிருந்தான். ஸுவாலி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து மூலைக்குப் போனாள். மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.

வேலியே பயிரை மேய்கிறது என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. நான் போட்ட பிடியை மட்டும்தான் எடுக்கிறேன் என்று இன்னொரு குரல் சொன்னது. இந்த மாதம் எத்தனை பிடி போட்டிருப்பேன்? முப்பது இருக்குமா? அதில் நாலு. நாலே நாலு. கையை உள்ளே விட்டாள். அரிசி குளிர்ந்திருந்தது. பிடித்த பிடியை வெளியே எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மணிக்கட்டு வரை அரிசிக்குள் புதைந்தபடி மண்டியிட்டு, "ஆண்டவரே, என்னப் பாக்காதீங்க" என்றாள்.

"அவரு பாக்கறாரோ இல்லையோ, நான் பாத்துட்டேன்."

வாசலில் பியாக்கி நின்றிருந்தாள். முதுகில் சின்னக் கூடை. ஸுவாலி கையை உருவிய வேகத்தில் அரிசி தரையில் சிதறியது. அவள் அதைப் பொறுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள்.

"நான் எடுக்கலக்கா. எடுக்கல. தீகி..."

"தெரியும். உன் மூத்தவ தண்ணித் தொட்டிகிட்ட என் பொண்ணுங்ககிட்டச் சொல்லிட்டா." பியாக்கி நெற்றிப்பட்டையைக் கழற்றிக் கூடையை இறக்கினாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூட்டைக்குப் போய் வாயை இறுக்கிக் கட்டினாள், இரண்டு முடிச்சு. "இத நீயும் பாக்கல, நானும் பாக்கல. எந்திரி."

கூடையில் இருந்த துணியை விலக்கினாள். வெள்ளை அரிசி.

"பத்து நாளைக்கு வரும். அதுக்கப்புறம் எங்கிட்டயும் இல்ல. ஞாயித்துக்கிழம அரிசிதான். கோயிலுக்கு ஆகாதுன்ன. உனக்கு ஆகுமா?"

ஸுவாலி பியாக்கியின் காலைப் பிடிக்கப் போனாள். பியாக்கி காலை இழுத்துக்கொண்டாள்.

"சீ, எந்திரின்னா. அழுதா அடுப்பு பத்திக்குமா? உலை வை."

உலை கொதித்தது. ஸுவாலி அரிசியைச் சுளகில் கொட்டினாள். கல் பொறுக்கினாள். கை அரிசிக்குள் நுழைந்தது, ஒரு பிடி அள்ளியது, அடுப்புக்கு மேலே தொங்கிய டப்பாவில் போட்டது. சத்தம் கேட்டபிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படியே நின்றாள். பியாக்கியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"போட்டுட்டியா?" என்றாள் பியாக்கி பின்னாலிருந்து. "இப்ப யாரு போய்ப் பொறுக்கி எடுக்கப் போறா, எது ஞாயிறு எது திங்கள்னு." சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் உடைந்து, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

கஞ்சித் தண்ணீரை வடித்துத் தீகிக்குக் கொடுத்தார்கள். முதல் கரண்டி வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. சோறு வெந்து இறக்கும்போது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

வுங்கா வந்தான். காலெல்லாம் செம்மண், கையில் ஒல்லியாக ஒரு கிழங்கு. வாசலிலேயே சோற்று வாசனை அவனை நிறுத்தியது. மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தான். கட்டு அப்படியே இருந்தது. அப்புறம்தான் பியாக்கியைப் பார்த்தான்.

"அக்கா குடுத்தாங்க" என்றாள் ஸுவாலி.

அவன் கிழங்கைக் கீழே வைத்தான். கை கால் கழுவி வந்தான். ஐந்து தட்டு. ஸுவாலி சோறு போட்டாள், பக்கத்தில் உப்பும் சுட்ட மிளகாயும் வைத்தாள். மாவி தட்டையே பார்த்துக்கொண்டு கையைக் குவித்தாள். தீகியும் அக்காளைப் பார்த்துக் குவித்தாள். வீட்டுத் தலைவன் ஜெபம் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள்.

வுங்கா கண்ணை மூடினான். "பரம பிதாவே" என்றான். நின்றுபோனான். "பரம பிதாவே" என்றான் மறுபடியும். பிள்ளைகள் காத்திருந்தார்கள். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஸுவாலி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் கண்கள் திறந்திருந்தன. பியாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"தாள் ஈரமா இருந்துச்சு" என்றான்.

ஸுவாலி தீகியின் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கட்கிழம நானும் தொட்டுப் பாத்தேன். வெட்டுவாயெல்லாம் ஈரம். ஞாயித்துக்கிழம சாயங்காலம் வரைக்கும் நெல்லு நின்னுக்கிட்டுதான் இருந்திருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஜெபக் கூட்டத்துல உக்காந்திருந்தேன். அக்கா, நீங்க அழுதீங்க. நான் கையத் தூக்கினேன்."

குவித்த கை மடியில் விழுந்தது. சின்னவள் மட்டும் ஜெபம் இன்னும் முடியவில்லை என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

சபையில் வாய் திறக்கக் கூடாதென்று விலக்கி வைக்கப்பட்ட பியாக்கி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆமென்" என்றாள். "சாப்பிடுங்க. ஆறிப் போகுது."